கணக்குத் தப்பிய சமவெளி

பெய்ராவில் விமானம் தாழும்போது கண்ணில் படுவது சதுப்பும் சேறும் தண்ணீரும்தான். மொசாம்பிக்கின் நடுக்கடற்கரையில், கடல் மட்டத்துக்கு மேலே அதிகம் எழாமல் கிடக்கும் துறைமுக நகரம் அது. அங்கிருந்து ஜிம்பாப்வே எல்லையை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் ஓய்வதில்லை. சாலையோரம் நெடுகக் கரி மூட்டைகளை விற்பனைக்குச் சாத்தி வைத்திருக்கிறார்கள். நகரத்து அடுப்புகளுக்குப் போகிற காடு அது. இன்ஷோப் என்ற சந்திப்பில் வடக்கே திரும்பி, பிறகு கிழக்கே ஒரு மண்பாதையில் இறங்கினால் கொரொங்கோசா தேசியப் பூங்காவின் வாசல் வருகிறது. பெய்ராவிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

பூங்காவின் தலைமை முகாம் சிட்டெங்கோ. குடில்கள், உணவுக்கூடம், ஆய்வகம், பணிமனை என்று ஒரு சிறு ஊரே இருக்கிறது. நடைபாதையில் வார்ட்ஹாக் பன்றிகள் முன்னங்காலை மடித்து மண்டியிட்டுப் புல் மேய்கின்றன. மனிதர்கள் பக்கத்தில் நடந்தால்கூட நகர்வதில்லை. அநேகமாக எல்லாக் கட்டடங்களும் புதுப்பித்தவை. பழைய சுவர் ஒன்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த குழிகளை மட்டும் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

விடிவதற்கு முன் திறந்த வண்டியில் ஏறுகிறவர்களுக்கு முதலில் மரங்கள்தான். புதர்க்காடு, பனை நிற்கும் புல்வெளி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டித் தோப்பைச் சுமந்து நிற்கும் கறையான் புற்றுகள், மஞ்சள் பூசிக் குளித்ததுபோல அடிமரம் பளபளக்கும் காய்ச்சல் மரங்கள். பிறகு மரங்கள் சட்டென்று விலகிக்கொள்கின்றன. உரெமா ஏரியின் வெள்ளச் சமவெளி திறக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். புல் முழுக்க வாட்டர்பக்.

வாட்டர்பக் பெரிய மான். வளர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, கழுத்தில் முரட்டு ரோமம், கிடாவுக்கு மட்டும் பின்னால் சாய்ந்து முன்னே வளையும் வரிக்கொம்பு. திரும்பி நடக்கும்போது பின்புறத்தில் முழு வெள்ளை வளையம் ஒன்று தெரியும். தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையின் வாடை, காற்று திரும்பினால் வண்டிவரை வந்து அடிக்கும். ஒரு பக்கம் நூறு, இன்னொரு பக்கம் இருநூறு, ஏரிப் பக்கம் எண்ணவே முடியாத புள்ளிகள். ஆப்பிரிக்காவைப் படத்தில் மட்டும் பார்த்து வந்தவருக்கு மனம் நிறைந்துவிடும். இங்கே காடு பிழைத்துவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

பிழைத்துக்கொண்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்தக் கூட்டமே பழைய காயத்தின் தழும்பு. 1970-களின் தொடக்கத்தில் இங்கே இருந்த வாட்டர்பக் ஏறத்தாழ 3,500. 2018-ல் ஹெலிகாப்டரிலிருந்து எண்ணியபோது 55,000-க்கும் மேல். அந்த ஆண்டு எண்ணிய பெரிய தாவர உண்ணிகளில் நான்கில் மூன்று பங்கு இந்த ஒரே இனம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் சமவெளியை ஆண்டவை வேறு ஐந்து: யானை, நீர்யானை, எருமை, வரிக்குதிரை, வில்டபீஸ்ட். தாவர உண்ணிகளின் மொத்த எடையில் 89 விழுக்காடு அந்த ஐந்துக்கும் சேர்ந்தது. 2018-ல் அந்தப் பங்கு 23 விழுக்காடு. மொத்த எடையைப் பார்த்தால் உள்நாட்டுப் போருக்கு முந்தைய அளவை ஏறக்குறைய எட்டிவிட்டது. பெரிய விலங்குகளின் உடம்பில் இருந்த எடை வாட்டர்பக் உடம்புக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால்தான் கொரொங்கோசாவைப் பார்த்ததாக அர்த்தம்.

என்ன நடந்தது? 1920-களின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் ஆட்சியில் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் இது. 1960-ல் தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கென் டின்லி என்ற தென்னாப்பிரிக்கச் சூழலியலாளர் வந்து சேர்ந்து, வானிலிருந்து எண்ணத் தொடங்கினார். யானை 2,500-க்கு மேல், எருமை 14,000 அளவில், நீர்யானை 3,500, வரிக்குதிரை 3,000, வில்டபீஸ்ட் 5,500. பக்கத்திலேயே சிங்கங்கள். 1975-ல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. 1977-ல் ஃப்ரெலிமோ அரசுக்கும் ரெனாமோ படைக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. கொரொங்கோசா மலையடிவாரம் ரெனாமோவின் முக்கியத் தளம் ஆனது. 1981 டிசம்பரில் சிட்டெங்கோ தாக்கப்பட்டது. சிறிது காலத்தில் பூங்காவை மூடிவிட்டுப் பணியாளர்கள் வெளியேறினார்கள்.

பத்து லட்சம் மனித உயிர்வரை பலி கொண்ட போர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் விலங்குகளுக்கு யார் அழுவது? இரு தரப்புப் படையும் இறைச்சிக்குச் சுட்டன. யானைத் தந்தம் ஆயுதமாக மாறியது. 1992 அக்டோபரில் ரோம் நகரில் சமாதான ஒப்பந்தம் ஆன பிறகும் துப்பாக்கி ஓயவில்லை. காவல் இல்லாத காட்டுக்குள் இறைச்சி வியாபாரத்துக்காக வேட்டைக்காரர்கள் புகுந்தார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதியை அந்தச் சில ஆண்டுகள் வழித்தெடுத்துவிட்டன. பெரும்பாலான பெரிய விலங்கினங்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. 2000-ல் எண்ணியபோது யானை 250-க்கும் கீழே. எருமையையும் வரிக்குதிரையையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறுத்தை, காட்டுநாய், கழுதைப்புலி என்ற மூன்றும் சுத்தமாக இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் வாட்டர்பக் பெருகியது. புல் நிறைய, பங்கு கேட்க எருமையும் நீர்யானையும் இல்லை, துரத்த ஆள் இல்லை.

வெற்றிடத்தில் பெருகியது மான் மட்டும் அல்ல. சமவெளியின் ஈர விளிம்புகளில் தண்டு முழுக்க முள்ளோடு ஒரு புதர் நிற்கிறது. நம் ஊர்த் தொட்டாற்சிணுங்கியின் பெரிய உறவு. தொட்டால் இதன் இலையும் மடங்கும், பூவும் அதே இளஞ்சிவப்பு உருண்டை. ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, புல்லை நெரித்து, கால்நடையோ மானோ நுழைய முடியாத வேலியாக அடைத்துக்கொள்ளும். மிமோசா பிக்ரா என்று பெயர். உலகின் மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. மேய விலங்கு இல்லாத ஆண்டுகளில் இது கொரொங்கோசாவின் சமவெளியில் பரவியது. பணம் கொட்டி ஆள் வைத்து வெட்டினாலும் அடங்காத செடி என்று பல நாடுகள் இதோடு போராடுகின்றன.

இங்கே வெட்டியது வாய்கள். விலங்குகள் திரும்பப் பெருகப் பெருக, 2015-க்கும் 2019-க்கும் இடையில் மிமோசா பின்வாங்கியது. போருக்கு முந்தைய அளவுக்கே இறங்கிவிட்டது. மான்களின் சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், அவை இந்த முட்செடியை நிறையவே தின்கின்றன என்று கண்டார்கள். சில இடங்களை வேலி போட்டு அடைத்தும் பார்த்தார்கள். வேலிக்குள் செடி செழித்தது. வெளியே கடிபட்டுக் குட்டையாகவே நின்றது. விலங்குகளைக் காப்பது எதற்கு என்று கேட்கிறவருக்கு அந்த வேலியின் இரண்டு பக்கத்தையும் காட்டலாம். மேய்ச்சல் என்பது நிலத்தைப் பராமரிக்கிற வேலை. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் போனால் நிலம் வேறொன்றாகிவிடுகிறது.

வண்டி ஏரிப் பக்கமாகச் சுற்றி வரும் வழியில், வெட்டவெளியில் இடிந்த கான்கிரீட் வீடு ஒன்று நிற்கிறது. மொட்டை மாடி, வெளியே ஏறும் படிக்கட்டு, கதவில்லாத வாசல். 1940-ல் முதல் முகாமாகக் கட்டினார்கள். அடுத்தடுத்த மழையில் வெள்ளம் புகுந்ததால் கைவிட்டார்கள். ஆள் போனதும் சிங்கங்கள் குடியேறின. படியேறி மாடியில் படுத்துக்கொண்டு சமவெளியை நோட்டம் விடும். அதைப் பார்க்கவே ஒரு காலத்தில் உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிங்க வீடு என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. போர் முடிந்தபோது பூங்காவில் சிங்கம் கிட்டத்தட்ட இல்லை.

மெல்ல மெல்லச் சிங்கம் ஏறி வந்தது. ஆனால் வெகுகாலம் அது மட்டுமே இங்கே எஞ்சிய பெரிய ஊனுண்ணி. அதனால் நடந்ததைக் கண்டுபிடித்த கதை, கொரொங்கோசாவில் நடந்த ஆய்வுகளிலேயே அழகானது என்று சொல்லத் தோன்றுகிறது. புஷ்பக் என்றொரு சிறிய மான் உண்டு. செம்பழுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டுகள், கூச்ச சுபாவம், அடர்ந்த புதரை விட்டு வெளியே வரவே வராது. அதன் பாதுகாப்பே மறைவுதான். இங்கேயோ புஷ்பக் மரமே இல்லாத சமவெளியில் பட்டப்பகலில் மேய்ந்தது. சிறுத்தையும் காட்டுநாயும் இல்லாத காட்டில் எதற்கு ஒளிய வேண்டும்? வெட்டவெளியில் சத்தான தீனி கிடைத்ததால் அங்கே மேய்ந்தவை கொழுத்தும் இருந்தன. பெர்கியா என்கிற சிறு செடி அவற்றின் வாயில் சிக்கித் தேய்ந்தது.

ஆய்வாளர்கள் ஒலிபெருக்கியில் சிறுத்தையின் குரலை ஒலிக்கவிட்டார்கள். ஊனுண்ணிகளின் வாடையையும் அங்கங்கே வைத்தார்கள். ஒரு மானும் சாகவில்லை. ஆனாலும் புஷ்பக்குகள் சில நாட்களிலேயே இடம் மாறி, மறைவை நோக்கி ஒதுங்கின. 2019-ல் இது சயன்ஸ் இதழில் வந்தது. ஊனுண்ணி கொன்று தின்னும் மான்களின் எண்ணிக்கை ஒரு பக்கம். அது உயிரோடு நடமாடுகிறது என்ற ஒரே காரணத்தால் எந்த மான் எங்கே மேயும், எந்தச் செடி எங்கே தப்பும் என்பது மாறிப்போவது இன்னொரு பக்கம். காட்டுக்குப் பயமும் தேவை.

அந்தப் பயம் 2018-ல் விமானத்தில் வந்து இறங்கியது. தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு திட்டுகள், வட்டமான பெரிய காதுகள். கூட்டமாக ஓடி, சளைக்காமல் துரத்தி வேட்டையாடும் இனம். உலகம் முழுக்கச் சேர்த்து 6,600 அளவில்தான் மிச்சம். வெவ்வேறு இடத்திலிருந்து வந்த நாய்கள் ஒரே கூட்டமாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சில வாரங்கள் பெரிய அடைப்புக்குள் வைத்துப் பழக்கி, பிறகு திறந்துவிட்டார்கள். அடுத்த பருவத்திலேயே குட்டி போட்டன. 2018-லேயே, வெகுகாலமாகக் காணாமல் போயிருந்த சிறுத்தை இனத்தில் ஓர் ஆண் தென்பட்டது. அதற்குத் துணையாகப் பெண் சிறுத்தையைக் கொண்டுவந்தார்கள். 2022-ல் கழுதைப்புலியும் வந்து சேர்ந்தது. எலும்பை நொறுக்கிச் செத்ததைச் சுத்தம் செய்யும் விலங்கு இல்லாமல் இத்தனை பெரிய காடு நாற்பது ஆண்டுபோல ஓடியிருக்கிறது என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

யானையைத் தேடிப் போகிறவர்கள் ஓட்டுநரின் முகத்தைக் கவனிப்பது நல்லது. மரநிழலில் ஒரு கூட்டம் தெரிந்ததும் அவர் வேகத்தைக் குறைப்பார். ஆனால் வண்டி திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வார். கொரொங்கோசா யானைகள் வண்டியை மறக்கவில்லை. சற்று முன்வரை கிளை ஒடித்துத் தின்றுகொண்டிருந்த கூட்டம், இயந்திரச் சத்தம் கேட்டதும் குட்டிகளை நடுவே தள்ளி, தோளோடு தோள் சேர்ந்து திரும்பி நிற்கும். தலைவி காதை விரித்து, தும்பிக்கையை மேலே தூக்கி மோப்பம் பிடிக்கும். பூங்காவைச் சீர்செய்யத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் வண்டியைத் துரத்துவது வாடிக்கையாக இருந்தது. யானைக்கு ஆயுள் அறுபது ஆண்டுவரை. போரின்போது தாய் விழுந்ததைப் பார்த்த குட்டிகள்தான் இன்றைக்குக் கூட்டத்தை நடத்துகிற பாட்டிகள். மொசாம்பிக்கின் சூழலியலாளர் தொமினிக் கொன்சால்வெஸ் தலைமையில் யானைகளைத் தொடர்ந்து கவனிக்கும் குழு, வண்டிகள் எங்கே நிற்கலாம், எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதைக்கூட அவற்றின் மனநிலையைப் பார்த்தே முடிவு செய்கிறது. யானைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானம் ஆகின்றன.

இன்னும் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். அந்தப் பாட்டிகளில் பாதிக்குத் தந்தம் இல்லை.

ஆப்பிரிக்க யானையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் இருப்பதே வழக்கம். போருக்கு முன் எடுத்த படங்களைப் பார்த்துக் கணக்கிட்டால், கொரொங்கோசாவின் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 விழுக்காடு. போருக்குப் பிறகு 51 விழுக்காடு. தந்தத்துக்காகச் சுட்டவர்கள் தந்தமில்லாததை விட்டுவிட்டார்கள். அதனால் தந்தமில்லாத பெண் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மற்றதைப் போல ஐந்து மடங்கு இருந்தது என்று 2021-ல் ஷேன் கேம்ப்பெல் ஸ்டேட்டனும் ராபர்ட் பிரிங்கிளும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. போர் ஓய்ந்த பிறகு பிறந்த பெண் யானைகளில்கூட மூன்றில் ஒன்றுக்குத் தந்தம் வரவில்லை. பதினைந்து ஆண்டுத் துப்பாக்கி, ஓர் இனத்தின் உடம்பையே மாற்றி எழுதியிருக்கிறது.

அதற்கான விலை கருவறையில் கொடுக்கப்படுகிறது. தந்தமின்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகத் தெரிகிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கோளாறு இருந்தாலும் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு இருப்பதோ ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் மாற்றம் வந்தால் ஆண் கரு தங்குவதில்லை. அதனால் தந்தமில்லாத தாய்க்குப் பிறக்கும் குட்டிகளில் மூன்றில் இரண்டு பெண்ணாகிவிடுகின்றன. தமிழ்நாட்டுக் காடுகளில் மக்னா என்று சொல்லும் தந்தமில்லாத ஆண் யானை ஆசிய இனத்தில் சாதாரணம். இலங்கையில் பெரும்பாலான ஆண்களுக்குத் தந்தமே கிடையாது. கொரொங்கோசாவில் அப்படி ஓர் ஆணைக் காட்ட முடியாது. பிறப்பதற்கு முன்பே போய்விடுகிறது.

யானையின் தந்தம் வெறும் அலங்காரமா என்ன? வறட்சியில் ஆற்றுப் படுகையைக் கிண்டித் தண்ணீர் எடுக்க அதுதான் கடப்பாரை. பட்டை உரிக்க, மரம் சாய்க்க அதுதான் கருவி. யானை சாய்த்த மரம் காட்டில் வெளிச்சம் இறங்க வழி திறக்கிறது. யானை தோண்டிய குழியில் பல விலங்குகள் தண்ணீர் குடிக்கின்றன. தந்தமுள்ளதும் தந்தமில்லாததும் தின்கிற செடிகளில்கூட வித்தியாசம் இருப்பது இங்கே தெரியவந்திருக்கிறது. பெண் யானைகளில் பாதியிடம் கருவி இல்லாத காடு எப்படி மாறும் என்பது வருகிற ஆண்டுகளில்தான் தெரியும். ஆப்பிரிக்கப் புல்வெளி யானையை 2021-ல் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்தார்கள். கண்டம் முழுக்க எஞ்சியிருப்பது நான்கு லட்சம் சொச்சம் யானைகள். எத்தனை மிஞ்சின என்று எண்ணுகிற நாம், மிஞ்சியவற்றின் உடம்பில் என்ன குறைந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் திருப்பிக் கட்டும் வேலை 2004-ல் கிரெக் கார் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் இங்கே வந்து பார்த்ததிலிருந்து வேகம் பிடித்தது. 2008-ல் அவருடைய அறக்கட்டளையும் மொசாம்பிக் அரசும் இருபதாண்டு ஒப்பந்தம் போட்டன. 2018-ல் அதை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். 6,000 ஹெக்டேருக்கு மேல் வேலி கட்டி ஒரு காப்பிடம் அமைத்து, வெளியிலிருந்து எருமைகளையும் வில்டபீஸ்ட்டுகளையும் கொண்டுவந்து முதலில் அதற்குள் விட்டார்கள். பெருகிய பிறகு வேலி தாண்டி அனுப்பினார்கள். பணமும் விமானமும் இருந்தால் விலங்கை ஏற்றி வந்துவிடலாம். காப்பாற்றி வைப்பதுதான் நீண்ட வேலை.

அதன் கஷ்டம் ரேஞ்சர்கள் காட்டிலிருந்து அள்ளி வந்து குவித்த இரும்பைப் பார்த்தால் புரியும். லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில்பட்டையை வளைத்து, பல் வெட்டி, கிட்டி செய்கிறார்கள். தரையில் புதைத்து வைத்தால் மிதித்த காலை அப்படியே கவ்வும். கம்பியில் போட்ட சுருக்குக் கண்ணிகள் இன்னொரு குவியல். வைக்கிறவர்கள் குறி வைப்பது மானையும் பன்றியையும், சிக்குவது எதுவும். பூங்காவில் கண்காணித்த சிங்கங்களில் மூன்றில் ஒன்று கண்ணியிலோ கிட்டியிலோ சிக்கி ஊனப்பட்டோ செத்தோ போன காலம் ஒன்று இருந்தது. பாதம் போன சிங்கங்கள் மூன்று காலில் கூட்டத்தோடு நடந்தன. கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டை கட்டி, சிக்கியதும் மருத்துவர் ஓடிப் போய்க் கம்பியை வெட்டி எடுத்து, ரோந்தைப் பெருக்கிய பிறகுதான் அந்த எண்ணிக்கை சரிந்தது.

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கும் அழுங்குகளுக்கும் இங்கே ஒரு வீடு உண்டு. செதில் போர்த்திய இந்த எறும்புத்தின்னி கூண்டில் வைத்து ஊட்டினால் பிழைக்காது. ஆகவே காவலர்கள் தினமும் ஆளுக்கொன்றாகக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார்கள். அது மூக்கைத் தரையில் வைத்துத் தேடும். புற்றைக் கிளறி நீண்ட நாக்கை உள்ளே விடும். காவலர் பொறுமையாகப் பக்கத்தில் நிற்பார். எடை தேறியதும் விட்டுவிடுகிறார்கள். உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளில் ஒன்றுக்கு இப்படி ஒரு பணிவிடை நடக்கிறது என்பதைப் பார்ப்பதற்காகவே இங்கே வரலாம்.

மேற்கே வானத்தை அடைத்து நிற்கிறது கொரொங்கோசா மலை. 1,863 மீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்து மழையாக்கி, அதை ஓடைகளாகக் கீழே இறக்கி உரெமா ஏரியை நிரப்புவதில் இந்த மலைக்குப் பெரும் பங்கு. வறண்ட பருவத்தில் ஏரி சுருங்கிக் கிடக்கும். மழையில் பல மடங்கு விரிந்து சமவெளியை மூழ்கடிக்கும். அந்த வெள்ளம் வடியும்போது முளைக்கிற புல்தான் இத்தனை விலங்குகளையும் தாங்குகிறது. மலைக்காடு போனால் ஏரி போகும், ஏரி போனால் புல் போகும். போரிலும் அதற்குப் பின்னும் மலையில் மரம் வெட்டிச் சோளம் விதைத்தார்கள். வேறு வழி இல்லாதவர்களின் விவசாயம் அது. 700 மீட்டருக்கு மேலான பகுதியை 2010-ல் பூங்காவோடு சேர்த்தார்கள். ஆனால் கோடு போட்டதால் மட்டும் காடு வளராது என்பது சீக்கிரமே புரிந்தது. இப்போது மலைவாசிகள் நிழல் மரங்களுக்கு அடியில் காப்பி பயிரிடுகிறார்கள். காப்பிக் கன்றோடு அந்த மண்ணின் மரக்கன்றும் நடப்படுகிறது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் இந்த மலையில் மட்டுமே வாழும் பச்சைத் தலை மாங்குயிலைப் பார்க்கப் பறவை ஆர்வலர்கள் ஏறி வருகிறார்கள்.

இந்த மலைச்சரிவில் 2013-க்குப் பிறகு அரசுக்கும் ரெனாமோவுக்கும் இடையே மீண்டும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ராவைப் புரட்டிப்போட்டது. மொசாம்பிக்கில் மட்டும் 600-க்கு மேல் இறந்தார்கள். பெருக்கெடுத்த தண்ணீரில் ஒரு பகுதியைப் பூங்காவின் சமவெளி வாங்கித் தேக்கி மெதுவாக விட்டது. ரேஞ்சர்கள் ரோந்தை நிறுத்திவிட்டு மூழ்கிய கிராமங்களுக்கு உணவு மூட்டை சுமந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அரசும் ரெனாமோவும் போர் நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம் இந்தப் பூங்காதான்.

பூங்காவைச் சுற்றி வாழ்கிறவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். தெற்கு எல்லையில் ஓடும் புங்வே ஆற்றைக் கடந்தால் சோளக்காடுகள், மண்வீடுகள், மாமரங்கள். யானைக்கு இந்த ஆறு ஒரு தடையே அல்ல. கதிர் முற்றும் பருவத்தில் இரவோடு இரவாக நீந்தி வரும். ஓர் ஏக்கர் சோளம் ஓர் இரவுக்குக்கூடக் காணாது. ஒரு குடும்பத்தின் அந்த ஆண்டுச் சாப்பாடு காலையில் இருக்காது. யானையைக் காப்பாற்றச் சொல்கிறவர்கள் இந்த வயல் வரப்பில் நின்று பேசிப் பார்க்க வேண்டும். யானைக்காகப் பூங்கா மொத்தமும் பாடுபடும்போது அதற்கான விலையை அதிகம் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

ஆற்றை ஒட்டி யானை ஏறி வரும் தடங்களில் கம்பி இழுத்துத் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். யானை கம்பியை இடித்தால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். தும்பிக்கைக்குள் கொட்டு வாங்கிய யானை அந்தப் பக்கம் எளிதில் திரும்பாது. கென்யாவில் தொடங்கி இலங்கைவரை பல நாடுகளில் செய்து பார்க்கும் முறை இது. அறுத்த சோளத்தை வைக்க யானை இடிக்க முடியாத குதிர்களும் கட்டித் தருகிறார்கள். மொசாம்பிக் சட்டப்படி பூங்காவின் சுற்றுலா வருமானத்தில் 20 விழுக்காடு இந்தக் கிராமங்களுக்குச் சேர வேண்டும். பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்குத் தனி மன்றம் நடக்கிறது. சிறு வயதிலேயே கட்டிக்கொடுக்காமல் படிக்க வைப்பதுதான் அதன் நோக்கம். சிட்டெங்கோ ஆய்வகத்தை மையமாகக் கொண்டு மொசாம்பிக் மாணவர்களுக்குக் காட்டுக்குள்ளேயே முதுகலைப் படிப்பும் தொடங்கியிருக்கிறது. ரேஞ்சர்களில் பலரும் இந்தக் கிராமத்துப் பிள்ளைகள். பெண்களும் சீருடை போட்டு ரோந்து போகிறார்கள்.

வயலில் யானை நுழைந்தால் முதலில் தகவல் போவது ரேஞ்சர்களுக்குத்தான். இருட்டில் கிளம்பி, வெடி போட்டு, விளக்கடித்து, கூட்டத்தை ஆற்றுப் பக்கமாகத் திருப்பி ஓட்டுகிறார்கள். விடிந்ததும் அதே குழு வயலுக்கு வந்து, எத்தனை வரிசை போயிற்று, கம்பி எங்கே அறுந்தது, எந்தப் பெட்டியில் தேனீ இல்லை என்று குறித்துக்கொண்டு போகிறது. தேனீ ஓடிப்போன பெட்டிக்குப் புதுக் கூட்டம் பிடித்து வைக்க வேண்டும். அடுத்த அறுவடைக்குள் இன்னும் சில கிலோமீட்டருக்குக் கம்பி இழுக்க வேண்டும்.